உம்பிரியாவில் வீடு பார்க்கிறீர்களா? வாடகைக்கு முன் சுவரைப் பாருங்கள்

இத்தாலியின் உம்பிரியா மாநிலத் தலைநகரான பெரூஜாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையும் பஸ் நிறுத்தமும்தான். நிலநடுக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பிறகு ஒரு நாள் அலமாரிக் கண்ணாடி தானாகக் கிலுகிலுக்கும்போதுதான் 'ஸ்கொஸ்ஸா' என்ற சொல் காதில் விழும். அதிர்வுக்கு இத்தாலிக்காரர்கள் சொல்லும் பெயர் அது.

அப்பெனைன் மலைத்தொடர் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்று இருபுறமும் விலகிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான நடுக்கங்கள் பத்துக் கிலோமீட்டர் ஆழத்தை ஒட்டியே பிறப்பதால், அளவு 6 வந்தாலே ஒரு பழைய ஊரைச் சாய்க்கப் போதும். நேரங்களையும் பாருங்கள். அசிசியில் 1997 செப்டம்பர் 26, அதிகாலை 2:33. லாக்குவிலாவில் 2009 ஏப்ரல் 6, 3:32. அமத்ரீச்சேயில் 2016 ஆகஸ்ட் 24, 3:36. இது தற்செயல்தான். ஆனாலும் ஆயத்தத்தைக் கட்டிலிலிருந்து தொடங்குவதே புத்தி.

அதற்கும் முன்னால் வீடு. நாடு முழுவதையும் நான்கு நிலநடுக்க மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், 1தான் மிக ஆபத்தானது. உம்பிரியாவின் மலையூரான நோர்ச்சா 1, பெரூஜா 2. மண்டல எண் மண்ணைப் பற்றியது. கட்டடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தெருவில் நின்று முகப்பைப் பாருங்கள். மாடி மட்டத்தில் சுவருக்கு வெளியே இரும்புத் தகடோ குறுக்குக் கம்பியோ தெரிந்தால், உள்ளே எதிர்ச்சுவர் வரை இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பி ஓடுகிறது என்று பொருள். 'கத்தேனே' என்பார்கள். சுவர் வெளிப்பக்கம் சரிவதைத் தடுப்பது அதுதான். காரை பெயர்ந்த இடத்தை நகத்தால் சுரண்டும்போது சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தால் யோசியுங்கள். உருண்டைக் கல்லை அடுக்கிய சுவரின் மேல் பின்னாளில் கனமான கான்கிரீட் கூரை ஏற்றிய வீடு இன்னும் மோசம். பார்வைக்குப் புதுப்பித்தது போலத் தெரியும், குலுங்கும்போது கூரையின் எடையே சுவரை உடைக்கும். 1859 நடுக்கத்துக்குப் பிறகு போப்பின் அரசு நோர்ச்சாவில் வீட்டு உயரத்துக்கே கட்டுப்பாடு போட்டது. 1979, 1997 நடுக்கங்களுக்குப் பின்னும் பல வீடுகளைப் பலப்படுத்தினார்கள். அமத்ரீச்சே நொறுங்கிய அதே இரவில் நோர்ச்சா பெருமளவு நின்றது.

பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றால் வாடகை குறையும் என்பார் வீட்டுக்காரர். வேண்டாம். வீடிழந்தவர்களுக்கு 2016இல் தந்த மாதாந்திர உதவி, அதுவே தங்கள் நிரந்தர வசிப்பிடம் என்று காட்ட முடிந்தவர்களுக்குத்தான். நகராட்சியில் 'ரெசிதென்சா' என்னும் வசிப்பிடப் பதிவையும் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டிலின் தலைமாட்டில் புத்தக அலமாரி கூடாது. வேறு இடத்தில் வைத்தாலும் சுவரோடு திருகி வையுங்கள். கட்டிலுக்கு அடியில் கெட்டி அடிப்பாகம் உள்ள செருப்பும் டார்ச்சும் இருக்கட்டும். இருட்டில் கண்ணாடிச் சில்லுகளை மிதித்துக் காலைக் கிழித்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. பாஸ்போர்ட், பெர்மெஸ்ஸோ (தங்கும் அனுமதி அட்டை) இரண்டின் நகலும் ஒரு பையில் வாசலருகே தொங்கட்டும்.

குலுங்கும்போது ஓடாதீர்கள். உறுதியான மேசைக்கடியிலோ, கனமான தாங்குசுவரின் கதவு நிலையிலோ நில்லுங்கள். பழைய வீடுகளில் படிக்கட்டு பலவீனமான இடம். அதைத் தாண்டி வெளியே வந்தாலும், இரண்டு மீட்டர் சந்தில் ஓடுகளும் புகைபோக்கியும் தலைமேல்தான் விழும். ஆட்டம் நின்றதும் எரிவாயுக் குழாயை மூடுங்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். நகராட்சி குறித்து வைத்திருக்கும் கூடுமிடத்துக்கு நடந்து போங்கள். அது எங்கே என்று குடியேறிய வாரமே பார்த்து வையுங்கள். உதவிக்கு 112. ஊருக்குக் குறுஞ்செய்தி போதும். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இணைப்பு கிடைக்காது. ஐடி-அலர்ட் என்று போனில் அலறும் அரசு எச்சரிக்கை நிலநடுக்கத்துக்கு வராது.

விருந்தினரை வால்நேரினா பள்ளத்தாக்குக்கோ காஸ்தெல்லூச்சோ பூக்காலத்துக்கோ கூட்டிப்போகிறவர்கள், டாங்க்கை நிரப்பிவிட்டு மாற்றுப் பாதையையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள். 2016 அக்டோபரில் விஸ்ஸோ அருகே சரிந்த மலை சாலையோடு ஆற்றையும் சேர்த்து அடைத்துவிட்டது. வண்டியில் இருக்கும்போது குலுங்கினால் பாறைச் சரிவையும் பாலத்தையும் தாண்டி நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது இரண்டாம் அதிர்வில்தான். அசிசியில் அதிகாலை அதிர்வின் சேதத்தைப் பார்க்கப் பிரான்சிஸ் பேராலயத்துக்குள் போனவர்கள் மேல் காலை 11:42க்கு வளைகூரை இடிந்து விழுந்தது. துறவிகள் இருவர், தொழில்நுட்பர்கள் இருவர், நால்வரும் இறந்தார்கள். வளைவின் மேலே நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த இடிபாட்டுச் சுமை அதைக் கீழே தள்ளியிருந்தது. நோர்ச்சாவில் 2016 அக்டோபர் 30 அன்று காலை 7:40க்கு வந்த நடுக்கத்தின் அளவு 6.5. பெனதிக்து பேராலயம் முகப்பை மட்டும் விட்டுவிட்டு இடிந்தது. ஆனாலும் இடிபாட்டில் யாரும் சாகவில்லை. நான்கு நாள் முன்பு வந்த அதிர்வுகளுக்குப் பயந்து வீடுகள் காலியாக இருந்தன. ஆகவே லேப்டாப்பை எடுக்கத் திரும்பி ஏறாதீர்கள். ஆய்வாளர்கள் வீட்டுக்கு ஓர் எழுத்து தருவார்கள்: A என்றால் குடியிருக்கலாம், E என்றால் கூடாது. அதுவரை, எடுக்க வேண்டியது ஏதாவது இருந்தால் தீயணைப்பு வீரர்களிடம் கேளுங்கள். ஹெல்மெட் கொடுத்துக் கூடவே வருவார்கள், அல்லது அவர்களே எடுத்துத் தருவார்கள்.