மரண தண்டனைச் சட்டம் படிக்கிறீர்களா? பச்சன் சிங்கை அப்புறம் பார்க்கலாம், 407-இல் தொடங்குங்கள்

மரண தண்டனை என்றதும் எல்லோரும் நேராக பச்சன் சிங் வழக்குக்குத்தான் போகிறார்கள். 1980, ஐந்து நீதிபதிகள், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை என்ற கோட்பாடு, நீதிபதி பகவதியின் மாறுபட்ட தீர்ப்பு, பிறகு 1983 மச்சி சிங் வழக்கு சொன்ன, மரண தண்டனைக்குரிய ஐந்து வகைக் கொலைகள், கடைசியில் கருணை மனு பற்றி ஒரு பத்தி. விடைத்தாள் திருத்துகிறவருக்கு இது எத்தனை தடவை படித்துச் சலித்த விடையாக இருக்கும்! சிவில் ஜட்ஜ் தேர்வுக்குப் படித்தபோது நான் தீர்ப்புப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கேஸ் கட்டு செஷன்ஸ் கோர்ட்டில் கிளம்பி எங்கெல்லாம் போகிறது, ஒவ்வொரு இடத்திலும் யார் எதைத் திறந்து பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று மட்டும் கூடவே போனேன். தீர்ப்புகள் அந்தந்த இடத்தில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டன.

முதல் நிறுத்தம் உயர்நீதிமன்றம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 366 முதல் 371 வரை, இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் 2023-ஆம் ஆண்டு பிஎன்எஸ்எஸ்-இல் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 407 முதல் 412 வரை. புதுச் சட்டம் அமலான 2024 ஜூலை 1-க்குப் பிறகு புது எண்தான் முதலில், ஆனால் தீர்ப்புகள் எல்லாம் பழைய எண்ணில் இருப்பதால் இரண்டையும் சேர்த்தே படியுங்கள். செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனை விதித்தால் அது அங்கேயே முடிவதில்லை. உயர்நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும் நடவடிக்கைகள் அங்கே போயே ஆக வேண்டும். சென்னை உயர்நீதிமன்றத்தில் இதற்குத் தனியாக ஆர்.டி., அதாவது ரெஃபர்டு டிரையல் என்று எண் போடுவார்கள், மேல்முறையீடும் இருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரிப்பார்கள்.

இதை மேல்முறையீடு மாதிரி நினைத்து எழுதினால் மார்க் போய்விடும். மேல்முறையீட்டில், தீர்ப்பில் என்ன தவறு என்று மேல்முறையீட்டாளர் காட்ட வேண்டும். இங்கே யாரும் எதையும் காட்டாவிட்டாலும், சாட்சியம் முழுவதையும் நீதிபதிகள் தாங்களே மறுபடி எடைபோட்டு, குற்றம் நிரூபணமானதா என்ற இடத்திலிருந்து முடிவெடுக்க வேண்டும். 408-இன்படி மேல்விசாரணையோ கூடுதல் சாட்சியமோ கேட்கலாம். 409-இன்படி உறுதி செய்யலாம், வேறு தண்டனை தரலாம், வேறு குற்றத்துக்குத் தண்டிக்கலாம், மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம், விடுதலையும் செய்யலாம். மேல்முறையீட்டுக்கான காலம் முடியும்வரை, அல்லது தாக்கலான மேல்முறையீடு தீரும்வரை, உறுதி செய்யக் கூடாது. 410-இன்படி குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையெழுத்திட வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் மீது சட்டமே இவ்வளவு சந்தேகம் வைத்திருக்கிறது என்பதுதான் இந்தத் தலைப்பின் சுவாரசியம், என்னைக் கேட்டால்.

சரி, இப்போது பச்சன் சிங். அதற்கு முன் ஒரு சின்ன வரலாறு, இதை எழுதுகிறவர்கள் குறைவு. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொலைக்கு மரண தண்டனை தராவிட்டால்தான் காரணம் எழுத வேண்டியிருந்தது. 1955-இல் அந்த விதி நீக்கப்பட்டது. 1973 சட்டத்தின் 354(3) அதைத் தலைகீழாக்கி, மரண தண்டனைக்குச் சிறப்புக் காரணங்கள் வேண்டும் என்றது (இப்போது 393(3)). பச்சன் சிங் தீர்ப்பு இந்தத் திருப்பத்தின் மேல்தான் நிற்கிறது. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும், ஆயுள் தண்டனை எந்த வகையிலும் போதாது என்றால்தான் மரணம், திருந்த மாட்டார் என்று காட்டுவது அரசின் வேலை. மச்சி சிங் வந்த பிறகு கவனம் குற்றத்தின் பக்கம் சாய்ந்தது. 1996-இல் ராவ்ஜி வழக்கு குற்றத்தை மட்டுமே பார்த்தது, 2009-இல் சந்தோஷ் பரியார் வழக்கு அது பச்சன் சிங்குக்கு ஒவ்வாதது என்று சுட்டிக்காட்டியது. 2022 மனோஜ் தீர்ப்பு இன்னும் ஒரு படி போய், சிறை நடத்தை, மனநல மதிப்பீடு எல்லாம் தண்டனைக்கு முன்பே நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்றது. இந்த இழுபறியை எழுதுங்கள், ஐந்து வகைகளை ஒரு வரியில் முடித்துவிடலாம். 1983 மித்து வழக்கையும் விடாதீர்கள், கட்டாய மரண தண்டனை விதித்த இந்திய தண்டனைச் சட்டப் பிரிவு 303 அதில்தான் செல்லாததானது.

உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொறி இருக்கிறது. மரண தண்டனை என்றால் அங்கே மேல்முறையீடு தானாகவே உண்டு என்று பலர் எழுதுகிறார்கள். சாசனத்தின் 134 அதை உரிமையாகத் தருவது, விடுதலையை ரத்து செய்து உயர்நீதிமன்றமே மரண தண்டனை விதித்தால், அல்லது கீழ் நீதிமன்றத்திலிருந்து வழக்கைத் தன்னிடம் எடுத்து விசாரித்து விதித்தால் மட்டும். வெறுமனே உறுதி செய்ததற்கு எதிராக உயர்நீதிமன்றத்தின் சான்றிதழோ 136-இன்படி சிறப்பு அனுமதியோ வேண்டும். அடுத்து சீராய்வு மனு, அதாவது உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பையே மறுபடி பார்க்கக் கோருவது. வழக்கமாக நீதிபதிகள் அறையில், வாதம் இல்லாமல் முடிந்துவிடும். மரண தண்டனைக்கு மட்டும் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன் வாய்மொழி வாதம் என்று 2014 முகமது ஆரிஃப் வழக்கில் 4:1 என்று முடிவானது. அதற்குச் சொன்ன காரணம் நல்ல விடைக்கு உதவும்: ஒரே உண்மைகளை வைத்து இரண்டு நீதிபதிகள் வேறு வேறு தண்டனைக்கு வரலாம், நிறைவேற்றினால் திருத்த வழியில்லை. சீராய்வும் தள்ளுபடியான பிறகு கடைசியாகப் போடும் க்யூரேட்டிவ் மனுவுக்கு 2002 ரூபா ஹுர்ரா வழக்கு என்று குறித்தால் போதும்.

கருணை மனுவுக்குச் சாசனத்தின் 72 (குடியரசுத் தலைவர்), 161 (ஆளுநர்). தாமதம் பற்றிய வரிசை நம் மாநில வழக்கில் தொடங்குகிறது: 1983 வைத்தீஸ்வரன் வழக்கு, நிறைவேற்றம் இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதமானால் தண்டனையைக் குறைக்கக் கோரலாம் என்று கணக்கு வைத்தது, 1989 திரிவேணிபென் அரசியல் சாசன அமர்வு நிலையான கணக்கு கிடையாது என்றது, 2014 சத்ருகன் சவுகான் வழக்கு காரணமற்ற தாமதத்துக்காகவும் மனநோய்க்காகவும் தண்டனையைக் குறைத்து, மனு நிராகரிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே 14 நாள் வேண்டும் என்றது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் பிஎன்எஸ்எஸ் 472-ஐ மூலத்தில் படித்துவிட்டுப் போங்கள். கருணை மனுவுக்கு 30 நாள், ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள் என்று காலவரை வைக்கிறது, குடியரசுத் தலைவர் முடிவெடுக்கக் காலவரை இல்லை. அவர் எப்படி முடிவுக்கு வந்தார் என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. அப்படியானால் சத்ருகன் சவுகான் தீர்ப்பு என்ன ஆகும் என்று என் நேர்காணலில் கேட்டார்கள். நீதிப் புனராய்வு சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பு, அடிப்படை உரிமைக்காக நேராக உச்ச நீதிமன்றம் போக வழி தரும் 32-ஐச் சாதாரணச் சட்டத்தால் மூட முடியாது, எனவே முடிவின் தகுதிக்குள் போகாமல் தாமதத்தையும் நடைமுறையையும் பார்க்கும் வழி திறந்தே இருக்கும் என்று சொன்னேன். நேர்காணல் குழுவின் இரண்டாவது உறுப்பினர் ஒத்துக்கொள்ளவில்லை, பத்து நிமிடம் அதிலேயே போயிற்று.