மட்டம் 3

நவம்பர் 4
குளப் பராமரிப்புக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒரு டிப்ளோமா கேட்கிறோம், அந்த முன்மொழிவுப் படிவத்தில் முதல் கேள்வியே "இந்தக் கற்கைநெறி ஏன் தேவை?" இரண்டு மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்தை நம்பிச் சீவிக்கிற ஊரில் குளத்தைப் பராமரிக்க ஏன் படிப்பு என்று கேட்கிறார்கள், அதற்கு 200 சொல்லுக்குள் பதில் வேண்டுமாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று வன்னிக் குளங்களின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு மூடினேன். அப்பா அரை இடியப்பம் சாப்பிட்டார்.

நவம்பர் 9
கிரெடிட் கணக்கு. டிப்ளோமா என்றால் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மட்டம் 3, ஆகக் குறைந்தது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலம், வகுப்பு, களம், வீட்டில் படிக்கிறது எல்லாம் சேர்த்து. ஆக 1500 மணித்தியாலம். துருசு (குளத்து மதகு), வான் (நிறைந்தால் மிகை நீர் வழிகிற இடம்), வாய்க்காலுக்கு 4 போட்டேன், மண்ணும் நீரும் 4, கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புகளோடு வேலை செய்வதற்கு 2. கடைசியில் கூட்டினால் 29. திரும்பக் கூட்டினால் 31. படுத்துவிட்டேன்.

நவம்பர் 13
கேள்விக்கொத்தோடு வயல் வயலாகத் திரிந்தேன். ஒரு ஐயா வரம்பில் குந்தியிருந்து மண்வெட்டியில் ஒட்டின களியைச் சிரட்டையால் சுரண்டிக்கொண்டே கேட்டார், நான் வாசித்து முடிக்கும் வரைக்கும் நிமிரவே இல்லை. 6ஆம் கேள்வி, "பயிற்சி பெற்ற நீர் முகாமையாளர் ஒருவரை உங்கள் அமைப்பு வேலைக்கு எடுக்குமா?"
"அந்தப் பிள்ளை ராவில மழைக்குள்ள துருசடிக்கு வருமோ?"
"வரும் ஐயா, அதுக்குத்தானே படிக்கிறது."
"அப்ப சம்பளம் ஆர் குடுக்கிறது?"
படிவத்தில் ஆம், இல்லை இரண்டு பெட்டிதான். ஆம் என்று போட்டுவிட்டு நன்றி சொல்லி வந்தேன்.

நவம்பர் 14
ஏன் ஆம் என்று போட்டேன்?

நவம்பர் 21
பாடத்திட்டக் குழு. மூன்று மணித்தியாலம், ஒரு ரோல்ஸ், ஆறின தேத்தண்ணி. ஒருவர், 60 கிரெடிட்டாக்கி மட்டம் 4 உயர் டிப்ளோமாவாகக் கேட்டால் என்ன என்றார். இன்னொருவர் ஆளணி எங்கே என்றார், நியாயமான கேள்வி, புதிய ஆளணிக்குக் கொழும்பில் அங்கீகாரம் எடுப்பதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன். வருகை விரிவுரையாளர்களை வைத்துச் சமாளிப்போம் என்றேன், எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. பிறகு பெயரில் பிடித்துக்கொண்டார்கள். "மிஸ், குளம் எண்டு இருந்தால் பிள்ளையள் வராதுகள்." இப்போது அது நிலைபேறான நீர்வள முகாமைத்துவ டிப்ளோமா. குளம் என்ற சொல் முதல் பக்கத்திலேயே இல்லை. எரிச்சலில் வீட்டுக்கு வந்து கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

நவம்பர் 27
மழை.

நவம்பர் 30
அப்பாவுக்கு இன்றைக்குக் கதைக்க மனம் வந்தது. அப்பப்பா, அதாவது அப்பாவின் அப்பா, வயல்களுக்கு நீர் பங்கிடுகிற வட்டவிதானை, 1958இல் வந்த நெற்காணிச் சட்டத்தோடு அந்தப் பதவி போனது. பிறகு பயிர்ச்செய்கைக் குழு, அப்புறம் கமக்காரர் அமைப்பு. எந்த இரவு யாருடைய முறை என்று அப்பப்பா அரிக்கன் லாம்போடு போய் வாய்க்கால் மறிப்பாராம், மறித்ததை யாரும் வெட்டினால் விடியச் சண்டையாம். அவருக்குச் சம்பளம் ஆர் குடுத்தது என்று கேட்டேன்.
"நெல்லு. சூடடிச்சு முடியக் களத்திலயே அளந்து விடுவினம்."
வயலுக்கு நீர் வந்தவன் அளந்தான். இதை எங்கே எழுதுவது? படிவத்தில் நிதி மூலம் என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே திறைசேரி, மாணவர் கட்டணம், ஏனையவை. ஏனையவைக்கு எதிரே நெல்லு என்று பென்சிலால் எழுதி, அழித்தேன்.

டிசம்பர் 6
இரணைமடு 33 அடியாம். முன்மொழிவை 14 பிரதி எடுத்தேன், எல்லாவற்றிலும் 7ஆம் பக்கம் தலைகீழ்.

டிசம்பர் 11
கிளினிக். காலை ஆறரைக்கு நம்பர் எடுத்து ஒரு மணிக்கு டொக்டரைப் பார்த்தோம். ஸ்கேனுக்கு யாழ்ப்பாணம் போகட்டாம். வாங்கிலிருந்து கேள்விக்கொத்து முடிவுகள் உள்ள 3ஆம் இணைப்பைத் திருத்தினேன், பக்கத்தில் இருந்த அம்மா என்ன பிள்ளை மருந்துச் சிட்டையோ என்று கேட்டார்.

டிசம்பர் 17
நாளைக்குக் கல்விச் சபையில் எங்கள் முன்மொழிவு. நித்திரை வரவில்லை, ஓட்டில் மழை. 2018 டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, விடியக் கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காணவில்லை. அந்த வெள்ளத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதி வைத்திருந்தேன், உணர்ச்சி கூடிப்போச்சு என்று வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். வெட்டியிருக்கக் கூடாது.

டிசம்பர் 18
கூட்டம் நடக்கவில்லை. நிறைவெண் இல்லை. வெள்ளமாம், பாதிப் பேருக்குப் பாதை இல்லை. நீர் முகாமைத்துவம் பற்றிய கூட்டம்! இனி ஜனவரியில்.

டிசம்பர் 22
இரணைமடு 35 அடி 9 அங்குலம். 36 வந்தால் நிறைவு. அப்பா காலையிலிருந்து ஒரே கேள்வி, வான் பாயுதோ, வான் பாயுதோ. குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார், இந்த உடம்போடு. தங்கச்சி போனில் பேசினாள், அக்கா உங்களுக்கு விசரோ என்று. ஸ்கேனுக்கு 24ஆம் திகதி. நாளைக்கு ஓட்டோ சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 23
நாலு மணிக்கே எழும்பிக் கேள்விக்கொத்துக் கட்டை எடுத்தேன். அந்த வரம்பு ஐயாவுக்குப் போட்ட "ஆம்" என்பதை வெட்டினேன். இல்லை என்றும் போடவில்லை, பெட்டிக்கு வெளியே பேனையால் "சம்பளம் ஆர் குடுக்கிறது?" என்று எழுதினேன். ஆம் சொன்னவர்கள் இனி 41 இல்லை, 40. வீதம் எல்லாம் திரும்பப் போட வேண்டும், 3ஆம் இணைப்பு முழுக்க மாறும், 14 பிரதியும். ஓட்டோ வந்திட்டுது. அப்பா சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில்