பெப்பர்காக்கே நாற்சார் வீடு

நவம்பர் 29

மழை. முதலாவது அட்வென்ட் மெழுகுதிரியைச் சின்னவன் தனியாகக் கொளுத்தினான். ஆஸ்பத்திரியில் என் கணவருடைய இரத்த அணு எண்ணிக்கை இன்றைக்கும் ஏறவில்லை.

நவம்பர் 30

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து சப்பாத்துப் பெட்டியை இறக்கினேன். ஒவ்வொரு டிசம்பரும் பெப்பர்காக்கேயில், அதுதான் நோர்வேக்காரரின் இஞ்சி பிஸ்கட்டில், நாற்சார் வீடு கட்டுவோம். அதற்கு மா வெட்டும் அட்டைகள் எல்லாம் போன ஜனவரியில் அவர் றப்பர் போட்டுக் கட்டியபடியே இருக்கின்றன. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டிச் செய்தவை. ஒவ்வொன்றிலும் அவருடைய எழுத்து: முன் சுவர், விறாந்தை, வெளிக் கூரை இடம், வெளிக் கூரை வலம், உள் கூரை 1, 2, 3.

நாலாவது இல்லை.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். மற்றப் பெட்டிகளிலும் பார்த்தேன். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் உள்ளே சரிகிற கூரை அது. எதிர்ப்பக்கத்து அட்டையை வைத்து வெட்டலாம் என்றால் அதுவும் முடியாது, சமையலறைப் பக்கம் மட்டும் அகலம் கூட.

டிசம்பர் 2

பள்ளிக்கூடத்தில் பெப்பர்காக்கே நகரத்துக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோரும் வரலாம் என்றதால் வேலையில் அரை நாள் கேட்டுக்கொண்டு நானும் போனேன். சின்னவனின் வகுப்பு செய்த வீடு துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தது. அவனே தேடிக் கண்டுபிடித்தான்.

1991இலிருந்து எங்கள் பெர்கன் நகரத்துக்காரர் இதைச் செய்கிறார்கள். பாலர் பள்ளி, பள்ளிக்கூடம், குடும்பங்கள், வேலைத்தலங்கள் என்று எல்லோரும் வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து கொடுப்பதை வைத்துத்தான் முழு நகரமும் எழும்புகிறது. ரயில் ஓடும், கப்பல் நிற்கும். உலகத்திலேயே பெரியது இதுதான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்கு அதன் பெருப்பத்தைவிட 2009இல் நடந்ததுதான் பெரிய விஷயம். அந்த நவம்பரில் ஓர் இரவு யாரோ உள்ளே புகுந்து முழுவதையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். செய்தி வந்த கையோடு ஊர் முழுக்க ஓவனைப் பற்ற வைத்தது. திரும்ப மாக் குழைத்தார்கள், திரும்பச் சுட்டார்கள், அந்த வருடமே நகரம் திறந்தது.

அந்த வருடம் அவரும் ஒரு வீடு கொண்டுபோய்க் கொடுத்தார். சாதாரணக் கூரை, சாதாரணக் கதவு. நாற்சார் வீட்டை மட்டும் அவர் ஒருநாளும் வெளியே கொடுத்ததில்லை.

டிசம்பர் 3

அழைத்தார்கள். ஏறவில்லை.

டிசம்பர் 5

மாக் குழைத்தேன்.

சிரப், சீனி, பட்டர் மூன்றையும் அடுப்பில் உருக்கி, கொதி வருவதற்குள் இறக்கி, வாசனைச் சரக்கைப் போட வேண்டும். கறுவா, கராம்பு, இஞ்சித்தூள், ஏலக்காய், கொஞ்சம் மிளகு. இங்கே கடையில் வாங்கும் கறுவாத்தூள் பெரும்பாலும் கசியா என்ற வேறு வகை. காரமாக இருக்கும், மணம் முரடு. எங்கள் வீட்டில் இலங்கையின் காலி ஊர்ப் பக்கத்துக் கறுவா. மாமி ஒவ்வொரு முறையும் ஆட்களிடம் கொடுத்தனுப்புவா. பட்டையை விரலால் நொறுக்கினாலே உதிரும். அந்த மணத்தில்தான் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு டிசம்பர் தொடங்கும்.

தின்பதற்கு உள்ள மாவில் ஹோர்ன்சால்ட் போட்டேன். வீட்டுக்கு உள்ளதில் பொங்க வைக்கும் எதையும் போடக்கூடாது, பட்டரையும் குறைக்க வேண்டும். பொங்கினால் சுவர் ஓரம் கோணும். கோணினால் மூலை சேராது. அவர் இதில் ஒரு மில்லிமீற்றரும் விட்டுக்கொடுக்க மாட்டார். கட்டட வேலை செய்கிற கை. வீட்டு வேலைக்கு வளைகிறதோ இல்லையோ, இந்த மாவுக்கு வளையும்.

பிசைந்து பிளாஸ்ரிக்கில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். ஓர் இரவாவது கிடக்க வேண்டும். பெட்டியின் கீழ்த்தட்டில் அவருக்கென்று வாங்கிய மருந்து ஊசிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு மாவுக்கு இடம் பண்ணினேன்.

டிசம்பர் 6

மாமியோடு கதைத்தேன். சமையலறைப் பக்கம் எவ்வளவு அகலம் என்று கேட்டேன். “எந்தச் சமையலறை பிள்ளை?” என்றா. சாவகச்சேரி வீடு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், முற்றத்தில் நின்ற கறிவேப்பிலை மரத்தையும், சமையலறை வாசலில் அம்மியையும், மாரிக்குத் தாழ்வாரத்தில் வாளி வைத்துத் தண்ணீர் பிடித்ததையும் சொன்னா. அகலம் சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்தப் பக்கம் முழுக்கத் தரைமட்டமானபோது அதுவும் போனது. படம்கூட மிஞ்சவில்லை. இப்போது அந்த வீடு இருப்பது இந்தச் சப்பாத்துப் பெட்டியில் மட்டும்தான்.

மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 7

மூன்றரை மணிக்கே இருட்டு. எல்லா ஜன்னலிலும் அட்வென்ட் நட்சத்திரம். எங்கள் ஜன்னலில் மட்டும் இல்லை, அது எங்கே என்று அவருக்குத்தான் தெரியும்.

டிசம்பர் 9

இன்றைக்குப் போனில் அவருடைய குரல் நல்லாக இருந்தது. அட்டையைப் பற்றிச் சொன்னேன்.

“நாலாவதோ? அது பதினொண்டுக்கு ஆறு. முற்றத்துப் பக்கம் ரெண்டு ஓரத்தையும் சரிச்சு வெட்டவேணும். நீர் அடிமட்டம் வைச்சுக் கீறும், கண்மட்டத்திலை வெட்டாதையும்.”

“நீங்கள் வந்து வெட்டுங்கோவன்.”

“வெட்டுவன். நீர் இப்ப கீறி வையும்.”

கீறினேன். 11க்கு 6. மற்ற மூன்றோடும் வைத்துப் பார்த்தேன், மூலைகள் வந்து பொருந்தின. வருடம் ஒரு தடவை தொடும் அளவை, அந்தக் கட்டிலில் படுத்தபடி, யோசிக்காமல் சொன்னார். போனை வைத்த பிறகு அழுதேன். சின்னவன் வந்து அட்டையில் ‘உள் கூரை 4’ என்று அவர் எழுதுவதுபோலவே சாய்த்து எழுதினான்.

டிசம்பர் 10

ஒன்றும் இல்லை. மழை.

டிசம்பர் 13

லூசியா, விளக்கேந்திப் பாடும் நாள். சின்னவன் வெள்ளை உடுப்பும் இடுப்பில் மினுக்கு நாடாவுமாக, கையில் மின்மெழுகுதிரியோடு வகுப்போடு பாடிக்கொண்டு வந்தான். மஞ்சள் பாண் கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற தாய் ஒருத்தி, “இந்த வருடமும் அந்தப் பெரிய வீடு கட்டுகிறீர்களா?” என்று கேட்டாள். கட்டுகிறோம் என்றேன். அவர் எங்கே என்று அடுத்த கேள்வி வருவதற்குள் கோப்பி எடுக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 14

சுவர்கள்.

மாவை நாலு மில்லிமீற்றர் தடிப்பில் பேக்கிங் தாளின் மேலேயே உருட்டி, அங்கேயே வெட்டி, ஓரத்து மிச்சத்தை இழுத்தெடுக்க வேண்டும். வெட்டிய துண்டைத் தூக்கி வைக்கப்போனால் வடிவம் கெடும். 175 பாகை, பத்துப் பன்னிரண்டு நிமிடம். எடுத்தவுடன், மா இன்னும் மெத்தென்று இருக்கும்போதே அட்டையை மேலே வைத்துத் திரும்ப ஒருமுறை ஓரம் வெட்ட வேண்டும். அந்த இரண்டாவது வெட்டுத்தான் முக்கியம். அதற்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை, ஆறினால் உடையும்.

வெட்டு அவருடைய வேலை. நான் அட்டையைப் பிடிப்பேன், பெரியவள் தட்டை மாற்றுவாள், சின்னவன் வெட்டிய ஓரங்களைச் சூட்டோடு தின்பான். இன்றைக்கு நான் வெட்டினேன், சின்னவன் அட்டையைப் பிடித்தான். கையுறை அவனுக்கு முழங்கை வரைக்கும் வந்தது. ஓரங்கள் தட்டிலேயே கிடந்தன. “அப்பாவுக்கு வைப்பம்” என்றான்.

விறாந்தைத் தூண் ஆறும் வந்துவிட்டன. மாவைப் பென்சில் தடிப்புக்கு உருட்டிச் சுடுவது. அதில் இரண்டு கொஞ்சம் வளைவு. ஊர்த் தூண் எல்லாம் நேராகவா நின்றது?

டிசம்பர் 15

ஏறியிருக்கிறது. கொஞ்சம். இதை யாருக்கும் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 16

ஜன்னல் கண்ணாடி. மஞ்சள் இனிப்பை உறையோடு பூரிக்கட்டையால் அடித்துத் தூளாக்கி, சுட்ட சுவரின் ஜன்னல் ஓட்டைக்குள் நிரப்பி, திரும்ப ஓவனுக்குள் நாலைந்து நிமிடம். உருகிக் குமிழி விட்டு, ஓட்டை முழுக்கப் பரவும். முழுதாய் ஆறும்வரை தாளைவிட்டுக் கிளப்பக்கூடாது. பின்னால் ஒரு சின்ன விளக்கு வைத்தால் உள்ளே ஆள் இருக்கிற வீடாகிவிடும்.

சின்னவன் ஹென்சல், கிரேட்டல் கதையில் வரும் சூனியக்காரி வீட்டைப் பற்றிக் கேட்டான். கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட கதையில் சுவர் பாண், கூரை கேக், ஜன்னல் சீனி என்று வாசித்துக் காட்டினேன். அப்படியென்றால் ஜன்னல் மட்டும் எங்களுடையதும் அதுவும் ஒன்று என்றான். பிறகு, “அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போச்சினமோ?” போனார்கள் என்றேன். “அப்பா இருந்தாரோ?” இருந்தார். அந்தக் கதையில் அப்பா இருக்கிறார். பக்கத்தைக் காட்டினேன்.

டிசம்பர் 17

தாதியிடம் கேட்டேன். வீட்டைப் பிரித்த சுவர்களாகக் கொண்டுவந்து அங்கே வைத்துக் கட்டலாமா என்று. அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து யோசித்துச் சொன்னாள். நல்ல பெண்.

எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்ட வேண்டும். நன்றாகச் சுட்ட மா பரவாயில்லை. மேலே அலங்கரிக்க இனிப்பு வேண்டுமென்றால் தனித்தனியாக உறை போட்டது. பச்சை முட்டை வெள்ளைக்கரு கூடவே கூடாது. தடிமன், இருமல் உள்ள யாரும் வாசலைத் தாண்டக்கூடாது.

அப்படியென்றால் ஒட்டுவது எதால்? அவர் ஒட்டுவது உருக்கிய சீனியால். சட்டியில் சீனி பொன்னிறமாக உருகி நிற்கும், சுவர் ஓரத்தை அதில் தோய்த்து எடுத்துச் சேர்த்துப் பிடித்தால் எண்ணிப் பத்துக்குள் இறுகிவிடும். 160 பாகையைத் தாண்டிய சூடு. பிள்ளைகளை மேசைக்குக் கிட்டவும் விடமாட்டார். ஆஸ்பத்திரி அறையில் அடுப்புக்கு எங்கே போவது. ஐசிங் சீனியில் வெள்ளைக்கரு அடித்த பசை என்றால் அடுப்பு வேண்டாம், ஆனால் அது பச்சை முட்டை.

இரவு இரண்டு மணிவரை இதையே யோசித்தேன். கடையில் பெட்டியில் விற்பது சூடு காட்டிக் கிருமி நீக்கிய வெள்ளைக்கரு. அதை எடுக்கலாம். காய மணிக்கணக்காகும். அதுவரை சுவர்களுக்கு முண்டு கொடுக்க வேண்டும். மீன் அடைத்த தகர ரின்கள் எட்டு இருக்கின்றன. காணும்.

டிசம்பர் 18

சின்னவன் தும்மினான்.

டிசம்பர் 19

நேற்று ஒரு தடவை, இன்று காலையில் இரண்டு தடவை. காய்ச்சல் இல்லை. மூக்கு ஓடவில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன், எப்படியும் கடைசி வாரம். மல்லித் தண்ணீர் கொடுத்தேன், மஞ்சள் பால் கொடுத்தேன். அவனுக்குத் தெரியும். தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு குளியலறைக்குள் ஓடுகிறான். நான் கேட்கக்கூடாதாம். அவனைப் பிடித்து வைத்து, தும்மு ராசா, நல்லாய்த் தும்மு என்றேன்.

அவனை விட்டுவிட்டுப் போவதா? அவனை விட்டுவிட்டுக் கட்டினால் அது என்ன வீடு. அவனைக் கொண்டுபோய் ஏதும் நடந்தால்? இந்த இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்க நடந்தேன்.

டிசம்பர் 20

சுவர்கள் நமுத்துவிட்டன. பெர்கன் ஈரம். முன் சுவரை விரலால் அழுத்தினால் கொடுக்கிறது. ஓவனை 100 பாகையில் வைத்து, ஜன்னல் இல்லாத துண்டுகளை அரை மணித்தியாலம் உலர்த்தினேன். தட்டினால் சத்தம் வருகிறது. ஜன்னல் உள்ளவற்றை வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன், சீனி உருகும் என்று பயம்.

பெரியவள் ட்ரொண்ட்ஹைமிலிருந்து வந்தாள். சோதனை முடிந்த கையோடு விமானம். வந்ததும் மேசையைப் பார்த்தாள். “அம்மா, நாங்கள் இங்கேயே கட்டிப் படம் எடுத்து அனுப்புவம். அவருக்குக் களைப்பாயிருக்கும்” என்றாள். கெட்டிக்காரி, சரியாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டை அவர் படத்தில் பார்க்கக் கூடாது. படத்தில் பார்ப்பதற்கு அவருக்கு அந்த ஊர் வீடே இல்லாமல் போனது. கை வைக்க வேண்டும், மூலையைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும், பிடித்துக்கொண்டே எங்களைத் திட்ட வேண்டும்.

அவள் ஒன்றும் பேசாமல் போய்த் தலைவாரிக்கொண்டு வந்து, கூரை ஓட்டுக்கு வாதுமைச் சீவலைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கினாள். உடையாதது ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம்.

டிசம்பர் 21

தும்மல் இல்லை.

டிசம்பர் 22

தாண்டிவிட்டது. காலை 10:40க்கு அழைத்தார்கள். தாதி எண்ணைச் சொன்னாள், திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். நாளைக்கு 2 மணிக்கு வரலாம், மூவரும் வரலாம், சின்னவனை வாசலில் ஒருமுறை பார்ப்பார்கள்.

மாமிக்கு எடுத்தேன். இன்றைக்கு மகனைப் பற்றிக் கேட்டா.

டிசம்பர் 23

நாளைக்கு யூல், நத்தார். இந்த நாட்டில் பல வீடுகளில் இன்றிரவு பெப்பர்காக்கே வீடுதான் கட்டுவார்கள்.

சுவர்கள் துவாய்க்கு நடுவில், பெரிய தட்டையான பெட்டியில். ஜன்னல் துண்டுகள் தனியாக. கூரைகள் மேலே, உள் கூரை 4 எல்லாவற்றுக்கும் மேலே. ஐசிங் சீனி ஒரு கிலோ, வெள்ளைக்கருப் பெட்டி, புதுப் பை, மீன் ரின்கள் கழுவித் துடைத்தாயிற்று. அடிமட்டம். அவருடைய கண்ணாடி. சின்னவன் தட்டில் சேர்த்து வைத்த ஓரங்கள், தின்ன விடுவார்களோ தெரியாது, கேட்க வேண்டும். பெட்டிக்கு மேல் குப்பைப் பை இரண்டு, வெளியே ஊற்றுகிறது.

பெரியவள் காரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஹோர்ன் அடிக்கிறாள்