அக்காவின் பாஸ்புக்கும் பிரிந்துபோன மாவட்டமும்

"இது ரெண்டும் வேற வேற ஆள் சார்." ஓசூரில் அந்த வங்கிக் கவுண்டரில் இருந்த இளைஞர் இப்படிச் சொன்னபோது வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவர் கையில் இருந்த இரண்டும் என் அக்காவுடையவை. ஒன்று அவளுடைய பாஸ்புக், இன்னொன்று அவளுடைய இறப்புச் சான்றிதழ்.

அக்கா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். 2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை வந்தது. ஞாயிறும் சேர்ந்து இரண்டு நாள் லீவு என்று ஹாஸ்டல் தோழிகளோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பினாள். எங்கள் வீட்டில் கும்பிடுவது மாரியம்மனைத்தான். ஆனால் மாதாவைப் பார்க்கப் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சொல்ல ஆளில்லை. சுனாமி எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் வந்ததே 2007இல்தான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அப்பா போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. போட்டோவைப் பார்த்துத்தான் அடையாளம் சொன்னார்.

இறப்புச் சான்றிதழ் அப்போதே வந்துவிட்டது. அதில் ஒரு சிக்கலும் இல்லை.

இருபது வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது பாஸ்புக் கிடைத்தது. மீதி 8,214 ரூபாய். "அவ சம்பாதிச்சது. அவ படிச்ச பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துரலாம் கண்ணு" என்றார். அங்கே ஆரம்பித்தது என் அலைச்சல்.

பத்து வருஷம் தொடாத கணக்கு என்றால் அந்தப் பணத்தை வங்கி ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு அனுப்பிவிடும். பணம் போய்விட்டதே என்று பயப்பட வேண்டாம், வாரிசு எப்போது கேட்டாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். உத்கம் என்று ரிசர்வ் வங்கியின் இணையதளம் ஒன்று 2023இல் வந்தது. அதில் பெயர் போட்டுத் தேடலாம். நான் இனிஷியலை முன்னால் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. பின்னால் போட்டேன், அப்போதும் இல்லை. இனிஷியலே இல்லாமல் போட்டதும் வந்தது. தேடுகிறவர்கள் ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவையில் மனு போட்டேன். விசாரணைக்குப் போன இடத்தில் ஒருவர், "சுனாமி நிவாரணம் இன்னுமா தர்றாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நினைத்து இன்றும் பொருமுகிறேன்.

சான்று வந்ததும் வங்கிக்குப் போனால், "இது போதாது, கோர்ட்டுல வாங்கிட்டு வாங்க" என்றார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேறு, நீதிமன்றம் தரும் சக்சஷன் சர்டிபிகேட் வேறு. இது தெரியாமல் நான் கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போய் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன செலவு அக்காவின் சேமிப்பைவிட அதிகம். கடைசியில் அவரே நல்ல மனசோடு வழியும் சொன்னார்: "சின்னத் தொகைக்கு இதெல்லாம் தேவையில்லை. உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு வங்கியே கொடுக்கலாம். போய் விதியைக் காட்டச் சொல்லுங்கள்." போய்க் கேட்டேன். கோர்ட் பேச்சு அத்தோடு நின்றது.

அதற்கப்புறம்தான் அந்த "வேற வேற ஆள்." பாஸ்புக் 2003இல் போட்டது. அதில் முகவரி தர்மபுரி மாவட்டம். இறப்புச் சான்றில் கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் ஒன்று, தெரு ஒன்று, அப்பா பெயர் ஒன்று. இருந்தும் மாவட்டம் மாறினால் ஆளே மாறிவிடுவாராம். 2004 பிப்ரவரி 9ஆம் தேதி தர்மபுரியைப் பிரித்துத்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் வந்தது என்று சொல்லிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்த அந்தத் தம்பி வெளிமாநிலத்துக்காரர், நம்பவில்லை. ஒரே நபர்தான் என்று சான்று வாங்கி வரச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிட்டேன். டீ குடிக்கும்போது சும்மா பாஸ்புக்கைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் அந்தக் கிளையின் ரப்பர் ஸ்டாம்பு, மங்கலாக: ஓசூர், தர்மபுரி மாவட்டம். டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப ஓடினேன். "எங்க அக்கா வேற ஆள்னா, உங்க பிராஞ்சும் வேற பிராஞ்சா சார்?" பக்கத்து மேஜையில் இருந்த மூத்த அம்மணி எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நாங்க எல்லாரும் அப்ப தர்மபுரிதான் தம்பி" என்று சொல்லி ஃபைலை அவரே வாங்கிக்கொண்டார்.

பழைய கணக்கு வைத்திருக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களே, ஓசூர்க்காரர்களே, முகவரியில் தர்மபுரி என்று இருந்தால் மாவட்டம் பிரித்த தேதியைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அப்பா 2016இல் இறந்துவிட்டார். வாரிசுப் பட்டியலில் இருந்து பிறகு இறந்தவர்களின் சான்றையும் முதல் தடவையே எடுத்துப் போங்கள். எனக்கு அதற்குத் தனியாக ஒரு நடை. இறப்புச் சான்றை லேமினேட் செய்யாதீர்கள். அதற்கும் பேச்சு வாங்கினேன்.

எல்லாக் காகிதமும் சேர்ந்தபின் 15 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. நிதிக்குப் போன பணத்துக்கு முதலில் 4 சதவீதம், 2018 ஜூலையிலிருந்து 3.5, 2021 மே மாதத்திலிருந்து 3 சதவீதம் வட்டி. எல்லாம் சேர்த்து 15,000 சொச்சம். பள்ளி நூலகத்துக்குப் புத்தகமாகப் போய்விட்டது.

கடைசிச் சண்டை பாஸ்புக்குக்குத்தான். கணக்கு முடிந்தது, புத்தகத்தை வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா, கைநாட்டு மை காயாத விரலால் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 24.12.2004, எடுத்தது 500 ரூபாய். "இது அவ ஊருக்குப் போக எடுத்த காசு. இதை நான் எப்படிங்க உங்ககிட்ட விட்டுட்டுப் போவேன்?"

அந்த மூத்த அம்மணி மூலையைக் கத்தரித்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, புத்தகத்தை அம்மா மடியில் வைத்தார்.