4294967297: தாளில் உடைத்துப் பார்த்த குறிப்பு

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. கணிதவியலாளர் பெர்மாவின் வரிசையில் (2-இன் அடுக்கை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டிக் கிடைப்பவை) 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஆறாவதான இதுவும் அப்படித்தான் என்று பெர்மா நம்பினார். 641-ஆல் இது வகுபடும் என்று ஆய்லர் 1732-இல் காட்டினார். தாளும் எட்டு இலக்கக் கால்குலேட்டரும் போதுமா என்று பார்த்ததில், போதும்.

வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுகிறது. அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுக்கத் தேவையில்லை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 128k+1 வடிவில்தான் வரும் (லூக்கா, 1878). 129, 257, 385, 513, 641 என்று எழுதிப் பகு எண்களை அடித்துவிட்டால் 257-உம் 641-உம் மட்டுமே நிற்கும்.

நேராக வகுக்கப் போனால் கால்குலேட்டர் பத்து இலக்கத்தை ஏற்காது. மீதியை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போக வேண்டும். 257-க்கு 2⁸-இன் மீதி −1, அதனால் 2³²-இன் மீதி 1, மொத்த எண்ணின் மீதி 2. ஆகவே வகுபடாது. 641-க்கு 2¹⁶ = 65536, மீதி 154. 154² = 23716, மீதி 640, அதாவது −1. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம்! இரண்டே வகுத்தலில் வேலை முடிந்தது.

ஈவு 6700417. இதைப் பகா எண் என்று சும்மா எழுதிவிடக் கூடாது. இதன் காரணிகளும் 128k+1 வடிவில்தான் வரும். வர்க்கமூலம் 2588 சொச்சம். அதற்குள் அந்த வடிவில் இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் பூச்சியமில்லை, ஆகவே பகா எண்.

கணினியில் செய்பவர்கள் கவனிக்க: 32 பிட் முழு எண் மாறியில் இந்த எண்ணைப் போட்டால் மேல் பிட் உதிர்ந்து வெறும் 1 மிஞ்சும். 64 பிட் வேண்டும். 2-ஐ அடியாக வைத்துச் செய்யும் பெர்மா சோதனையும் (N பகா எண் என்றால் 2-இன் N−1-ஆம் அடுக்கை N-ஆல் வகுத்த மீதி 1 ஆக வேண்டும்; இங்கே N நம் எண்) ஏமாற்றும்: 2³²-இன் மீதி −1, எனவே 2⁶⁴-இன் மீதி 1, N−1 என்பது 64-இன் மடங்கு என்பதால் சோதனை தேறிவிடுகிறது. 3-ஐ அடியாக வைத்து 31 முறை வர்க்கப்படுத்தினால் பகா எண்ணாக இருந்தால் −1 வர வேண்டிய மீதியின் இடத்தில் 10324303 வருகிறது. இடையில் வரும் வர்க்கங்கள் 20 இலக்கம் வரை வளரும் என்பதால் இதைத் தாளில் செய்யாதீர்கள்.

மிகவும் பிடித்த பகுதி இரு வர்க்கங்களின் கூட்டல். 65536² + 1² என்பது கண்ணெதிரே தெரிகிறது. 62264² + 20449² என்றும் எழுதலாம். பகா எண்ணுக்கு இப்படி அதிகபட்சம் ஒரே வழிதான் உண்டு. இரண்டு வழி கிடைத்தாலே பகு எண். 65536−62264 = 3272, 20449−1 = 20448, இவற்றின் மீ.பொ.வ. 8. கூட்டல்களான 127800, 20450 இரண்டுக்கும் 50. பாதிகள் 4, 25. 4² + 25² = 641. 3272-ஐயும் 20448-ஐயும் 8-ஆல் வகுத்த ஈவுகள் 409, 2556. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417.