அறையில் இருந்தவர்கள்

“உங்கள் வீடு ஒரு வீடு அல்ல, ஆயிரக்கணக்கான வீடுகளின் சார்பில் பேசும் வீடு.” தொலைக்காட்சியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பதியும் மீட்டரைப் பொருத்தப் போகும் இடங்களில் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பயிற்சியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நான் ஏறி இறங்கிய வீடுகளிலெல்லாம் அதை மாறாமல் சொல்லியும் இருக்கிறேன். அதில் பொய் எதுவும் இல்லை. தொலைக்காட்சி ரேட்டிங்கைக் கணக்கிடும் பார்க் இந்தியா அமைப்பின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 21 கோடி. மீட்டர் இருந்தவையோ ஏறத்தாழ 44,000. வகுத்துப் பார்த்தால் ஒரு மீட்டர் வீட்டுக்குப் பின்னால் சராசரியாக 4,700-க்கும் மேற்பட்ட வீடுகள் நின்றன. இரண்டாவது வாக்கியம் பயிற்சியில் இல்லாதது, ஒரு பிற்பகலில் என் வாயில் தானாகவே வந்தது: “உங்க ஒரு வீட்டால எதுவும் மாறாதுங்கம்மா.” அதிலும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே பெண்மணியிடம் சொல்லியிருக்கிறேன் என்பதுதான் இன்றுவரை என்னைக் குடைகிறது.

மீட்டர் வைத்த வீட்டின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பது இத்தொழிலின் முதல் விதி. அந்தப் பெண்மணியின் வீடு இப்போது பட்டியலில் இல்லை. ஆண்டுதோறும் நான்கில் ஒரு பங்கு வீடுகளை மாற்ற வேண்டும் என்று 2014-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளே சொல்கின்றன. நானும் அந்த வேலையில் இல்லை. ஆனாலும் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசும் ஒரு முஸ்லிம் குடும்பம் என்பதற்கு மேல் சொல்லப்போவதில்லை. அத்தகைய குடும்பங்கள் அங்கே தெருத்தெருவாக இருப்பதால் இதனால் எந்த இரகசியமும் உடைந்துவிடாது.

அந்த அம்மா கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுப்பவர். வெளிச்சத்துக்காகத் தையல் மிஷினைக் கூடத்தின் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்ததால் தொலைக்காட்சி அவருடைய முதுகுப்புறத்தில் இருந்தது. நாடகத்தை அவர் பார்த்ததை விடக் கேட்டதே அதிகம். முக்கியமான இடம் வந்தால் மட்டும் மிதியை நிறுத்திவிட்டுத் திரும்புவார். இது பார்ப்பதாகக் கணக்கில் வருமா என்று பொருத்தும்போதே கேட்டார். தொலைக்காட்சி ஓடும் அறையில் இருந்தாலே வரும் என்று சொல்லி, ரிமோட்டைப் போன்ற கருவியைக் கையில் கொடுத்து, ஆளுக்கொரு பட்டனாக ஐந்து பேருக்கும் ஒதுக்கிக் காட்டினேன். அறைக்குள் வந்தால் அழுத்த வேண்டும், வெளியே போனால் மறுபடியும் அழுத்தி அணைக்க வேண்டும். அடுப்படியில் இருந்தபடி வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமியார் கணக்கில் வரமாட்டார். மீட்டரும் படத்தைப் பார்ப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சேனல்கள் தங்கள் ஒலியில் மனிதக் காதுக்கு எட்டாத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்புகின்றன. மீட்டர் பிடித்துக்கொள்வது அதைத்தான். அந்தக் கூடத்தில் அந்த அம்மாவும் மீட்டரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

பிற்பகல் இரண்டு மணி நாடகம் ஒன்றில் அப்போது ஒரு முஸ்லிம் பெண் பாத்திரம் வந்தது. கதாநாயகி வேலை செய்யும் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில் அவளுக்கு அடுத்த மிஷினில் உட்கார்ந்து தைப்பவள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாடகங்களில் இந்தப் பாத்திரத்துக்கு ஒரு வாடிக்கையான வார்ப்பு உண்டு. பெருநாளன்று பிரியாணித் தூக்குடன் நுழைந்து, கதாநாயகி ஆபத்தில் கிடக்கும்போது மருத்துவமனையில் ரத்தம் கொடுத்து, “எல்லாம் அல்லா பாத்துப்பான்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அல்லது வட்டிக்கு விடுபவர் வருவார், கொச்சைத் தமிழ் பேசி வீட்டாரைச் சிரிக்க வைப்பார். இவள் அப்படி இல்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே பீஸ் கணக்கு போடுவாள், மேற்பார்வையாளரிடம் கூலிக்காக மல்லுக்கு நிற்பாள், வேலைக்குப் போவது பற்றி வீட்டில் அண்ணனோடு சண்டை போடுவாள், பேருந்துக்கு ஓடுவாள். தமிழும் எல்லோரையும் போலத்தான் பேசினாள். சில வாரங்கள் வந்தவள் ஒரு நாள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. கதைக்குள் ஒருவரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுடைய மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வழக்கமான சரிபார்ப்புக்காக நான் போயிருந்தபோது அந்த அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “தம்பி, மத்தியான நாடகத்துல நம்ம பொண்ணு ஒண்ணு வந்துச்சே, இப்ப ஏன் வர்றதில்ல? நடுவுல சில நாள் நான் பட்டன் அழுத்த மறந்துட்டேன். அதனாலயா?”

அப்போதுதான் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சிரித்துக்கொண்டே, “மாட்ட வந்த அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே தம்பி” என்றார். நான் மீட்டரின் ஒயரைச் சோதிப்பது போலக் குனிந்துகொண்டேன்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆமாம் என்றால், அந்த நாடகத்துக்காகவே பட்டனை அழுத்தத் தொடங்கிவிடுவார். பார்க்கும் வழக்கத்தை எந்த வகையிலும் தூண்டக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு. இல்லை என்றால், அழுத்துவதில் அசட்டை வந்துவிடும். எனக்குத் தெரியாது என்பது நேர்மையான பதில்தான், ஆனால் மறதியால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ என்று மருகும் ஒருவரை அந்தப் பதில் அப்படியே விட்டுவிடும். நான் சொன்னது அவருடைய மனச்சுமையை இறக்கி வைத்த பதில் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். பிறகு தோன்றும்: சுமையை இறக்கினாய், கூடவே முதல் நாள் கொடுத்த மதிப்பையும் அல்லவா பிடுங்கிக்கொண்டாய்?

சென்னையில் நாடக எடிட்டிங்கில் இருக்கும் எங்கள் பர்கூர்க்காரர் ஒருவரிடம் பின்னொரு நாள் இதைச் சொன்னேன். “ட்ராக் எடுபடலன்னா தூக்கிடுவாங்க. எடுபட்டாலும் கால்ஷீட் கிடைக்கலன்னா தூக்கிடுவாங்க. இதுக்குப் போய் ஒரு வீட்டம்மா பட்டனைக் காரணமா நெனச்சா எப்படி?” என்றார். சனி முதல் வெள்ளி வரையிலான வாரத்தின் எண்கள் அடுத்த வியாழனன்று வரும்போது, நிமிடத்துக்கு நிமிடம் கோடு ஏறியதா இறங்கியதா என்றுதான் பார்ப்பார்களாம். எந்தக் காட்சியில் இறங்கியதோ அந்தக் காட்சியில் இருந்தவர்களுக்குக் கெட்ட நேரம். ஆனால் அந்தக் கோட்டில் யார் எழுந்து போனார்கள், யார் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்காது.

எனக்கு உண்மையில் இடறுவது அங்கேதான். நான் வீடு வீடாக நிரப்பிய படிவம் அந்த வீட்டைப் பற்றி நிறையவே கேட்கும். குடும்பத்தின் முதன்மை வருவாய்க்காரர் எதுவரை படித்திருக்கிறார், 11 பொருள்களில் எவை வீட்டில் இருக்கின்றன என்பதை வைத்துப் பொருளாதாரப் பிரிவு முடிவாகும். மின் இணைப்பு, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, இரு சக்கர வண்டி முதல் கார், ஏசி, விவசாய நிலம் வரை அந்தப் பட்டியலில் உண்டு. வயது, பால், நகரா கிராமமா என்றெல்லாம் எண்களைப் பிரித்துப் பார்க்க முடியும். ஆனால் மதத்துக்கு நான் நிரப்பிய படிவத்தில் கட்டம் இல்லை. பயிற்சியில் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள். பானை ஒரே சீராக வெந்திருந்தால் சரிதான். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம், பழங்குடியினர் 1.10 சதவீதம். மாநிலத்துக்கென்று வைத்த மீட்டர்களில், அதிலும் கூட்டம் குறைந்த பிற்பகல் வேளையில், இவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தால்கூட நம்பும்படியான எண் கிடைக்காது. பிரித்துப் பார்ப்பதே இல்லை எனும்போது, ‘நம்ம பொண்ணு’ போனதால் ஒரு வீடு மனம் விட்டதா என்பது எந்த வியாழக்கிழமையும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அமெரிக்காவில் வேறு கதை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பகல் நாடகம் என்ற வடிவமே சோப்பு நிறுவனங்களின் விளம்பரக் காசில் அங்கே வளர்ந்ததுதான். 1968-இல் ஏபிசி தொலைக்காட்சியில் ஆக்னஸ் நிக்சன் தொடங்கிய ‘ஒன் லைஃப் டு லிவ்’ நாடகத்தில், வெள்ளைக்காரியென்று எல்லோரும் நம்பிய ஒரு பாத்திரம் கறுப்பினப் பெண் என்பது மெல்ல வெளிப்பட்டது. எலன் ஹாலி அதில் நடித்தார். 1989-இல் முதல் நாளிலிருந்தே ஒரு கறுப்பினக் குடும்பத்தை மையத்தில் வைத்து என்பிசி ‘ஜெனரேஷன்ஸ்’ நாடகத்தைக் கொண்டுவந்தது. ரேட்டிங் இல்லாமல் 1991 ஜனவரியில் அது நின்றுபோனது. கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்த அடுத்த பகல் நாடகம் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்ற பெயரில் சிபிஎஸ்ஸில் வர 2025 பிப்ரவரி ஆகிவிட்டது. இத்தனைக்கும் அங்கே ரேட்டிங் கணக்கிடும் நீல்சன் நிறுவனம் கறுப்பின வீடுகளின் பார்வையைத் தனியாகவே எண்ணிச் சொல்கிறது. கட்டம் இருந்தும் இடையில் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன என்று அறிந்தபோது, கட்டம் இல்லாததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற என் வாதம் சற்று ஆட்டம் கண்டது.

என் வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது அதிசயமே அல்ல, ஆனால் நான் பார்த்த எந்தத் தமிழ் நாடகத்திலும் வாசலுக்கு வெளியே தமிழும் உள்ளே தெலுங்குமாகப் புழங்கும் ஒரு குடும்பம் வந்ததில்லை. அந்த அம்மா கேட்கும்வரை அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதுமில்லை. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் சாமை விதைக்கிற, மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினரின் வீட்டுக் கூரையிலும் டிஷ் இருக்கிறது. நாடகத்தில் மலைவாசி என்று வந்தால் இலை தழையும் ஈட்டியுமாகக் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பும் பார்வை நிமிடமாகவே பதிவாகும்.

தையல்கார அம்மாவோடு நடந்த அந்தப் பேச்சுக்குச் சில வாரங்களுக்குப் பிறகு அவர் வீட்டின் பதிவில் ஒரு விநோதம் தெரிந்தது. வேலை நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஐந்து பேருமே அறையில் இருந்தார்கள். கணவர் கடையில் இருக்கும் நேரம், பிள்ளைகள் கல்லூரியிலும் பள்ளியிலும் இருக்கும் நேரம், மாமியார் உறங்கும் நேரம். போய்க் கேட்டபோது அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. “ஒரு ஆளால மாறாதுன்னீங்க, அஞ்சு பேரையும் அழுத்தினேன்” என்றார்.

இதன் கனம் தெரிய 2020 அக்டோபரை நினைத்துக்கொள்ள வேண்டும். சில மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் செய்தார்கள் என்று மும்பைக் காவல்துறை வழக்குப் போட்டு, செய்திச் சேனல்களின் ரேட்டிங் வெளியீடே நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. அதன்பின் எங்கள் மேலிடம் நிழலைக் கண்டாலும் சந்தேகப்பட்டது. இங்கே காசு கைமாறவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; ஆனால் எண்ணில் விழுந்த கறை ஒரே மாதிரியானது. விதிப்படி நான் அந்த வீட்டை நீக்கப் பரிந்துரைத்திருக்கலாம். “பயன்பாட்டில் குழப்பம், மீண்டும் விளக்கப்பட்டது” என்று எழுதினேன். குழப்பம் என்பது உண்மைதான், அதை உண்டாக்கியவன் நான் என்பதற்கு அந்தப் படிவத்தில் இடமில்லை. வீட்டை நீக்கியிருந்தால் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட ஒரு வீடு குறைந்திருக்கும் என்று இன்றும் வாதிடுவேன். அப்படி ஒரு வீடு இருக்கிறது என்பதே எண்ணுக்குத் தெரியாது என்று சற்று முன்பு நானே எழுதியிருப்பதை யாராவது எடுத்துக் காட்டினால் என்னிடம் பதில் இல்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பரிடம், படிவத்தில் மதத்துக்கும் தாய்மொழிக்கும் கட்டம் வைக்க வேண்டும் என்று ஒருமுறை காவேரிப்பட்டினம் பேருந்து நிலையத்தில் நின்று வெகுநேரம் பேசினேன். “சரி, வெச்சாச்சு. இன்னிக்கு இருக்கற நெலமையில அந்த வீட்டுக் கதவத் தட்டி, நீங்க என்ன மதம்னு எழுதிக்கிட்டு வருவியா?” என்றார். வேறு ஆளை அனுப்பச் சொல்வேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்தப் பெண் போன பிறகு நாடகத்தின் டிஆர்பி என்ன ஆயிற்று என்று கேட்டார். வியாழன்தோறும் யூடியூபில் சுற்றும் பட்டியலில் நானும் அதைத்தான் தேடியிருந்தேன். ஏறியிருந்தது. கதாநாயகியின் கல்யாண ட்ராக் ஓடிய வாரங்கள் அவை. கல்யாணம் வந்தால் எந்த நாடகமும் ஏறும்.