அத்தையின் நூறு வெள்ளி

கொரோனா காலத்தில் சுற்றுப்பயணத் துறையைத் தூக்கி நிறுத்த சிங்கப்பூர் அரசாங்கம் 32 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒதுக்கியது. 18 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி, பத்துப் பத்து வெள்ளியாக. சிங்கப்போரீடிஸ்கவர்ஸ் பற்றுச்சீட்டு என்று பெயர். 2020 டிசம்பர் 1 முதல் பயன்படுத்தலாம் என்றார்கள். ஹோட்டல், சுற்றுலாத் தலம், வழிகாட்டியுடன் சுற்றுலா, இந்த மூன்றுக்குத்தான். சாப்பாட்டுக்கோ கடையில் சாமான் வாங்கவோ செல்லாது.

நான் நிரந்தரவாசி, அதனால் எனக்குக் கிடையாது. மனைவிக்கும் அவளுடைய அம்மாவான அத்தைக்கும் உண்டு. பிள்ளைகளுக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டாலும், 18 வயதுக்குட்பட்டவர்களின் டிக்கெட்டில் 10 வெள்ளி தள்ளுபடி. ஒரு குடிமகன் அப்படி ஆறு டிக்கெட் வரை எடுக்கலாம்.

மனைவியின் பங்கு சட்டென்று முடிந்தது. அங்கீகரிக்கப்பட்ட முன்பதிவுத் தளம் ஒன்றில் இடத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் கட்டத்தில் சிங்பாஸ் (அரசாங்கத்தின் இணைய அடையாளக் கணக்கு) வழியாக உள்ளே போய், எத்தனை பத்து வெள்ளி வேண்டும் என்று சொன்னால் போதும். மிச்சத்தை அட்டையில் கட்டினோம். டிக்கெட் 34 வெள்ளி என்றால் மூன்று பத்து போக 4 வெள்ளி கையிலிருந்து. நான்காவது பத்தைக் கொடுத்துச் சில்லறை வாங்க முடியாது.

அத்தையின் நூறு வெள்ளிதான் இழுத்தது. அவர் சிங்பாஸை எப்போதோ திறந்ததோடு சரி. மறைச்சொல் மறந்துவிட்டது. பதிவான கைப்பேசி எண்ணும் பழையது, உள்ளே நுழையக் கேட்கும் ஒருமுறை எண் (ஓடிபி) அதற்குத்தான் போகும். அவருக்குப் பதில் நான் உள்ளே நுழைய வழியே இல்லை. அது நல்லதுதான், ஆனால் அன்று எரிச்சலாக இருந்தது. அடையாள அட்டையோடு சமூக மன்றத்தின் சிங்பாஸ் சேவை முகப்புக்கு அவரை அழைத்துப் போய் வரிசையில் நின்றோம். "நான் இருக்கிற ஊரைச் சுத்திப் பார்க்க எனக்கே காசா மாப்பிள்ளை?" என்று அங்கிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். முகப்பில் வேலை சீக்கிரம் முடிந்தது. வரிசைதான் நீளம்.

எங்கே போவது என்று கேட்டபோது, லிட்டில் இந்தியா நடைச் சுற்றுலா என்றார். வாரந்தோறும் பூ வாங்கப் போகிற இடத்துக்கு எதற்கு வழிகாட்டி என்று மனைவிக்குச் சிரிப்பு. முதலில் பதிந்த தேதி 2021 மே மாதக் கட்டுப்பாடுகளில் அடிபட்டுப்போனது. நல்லவேளை, ஜூன் 30 என்றிருந்த கடைசித் தேதியை அரசாங்கமே டிசம்பர் 31க்குத் தள்ளிவைத்தது.

ஒருவழியாகப் போனபோது பஃபலோ ரோட்டில் மாட்டுக் கொட்டகைகள் இருந்த கதையை வழிகாட்டி சொல்ல, அத்தை அதில் இரண்டு திருத்தம் சொன்னார். அந்தப் பெண் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். ஆனால் கெர்பாவ் ரோட்டில் வண்ணவண்ணமாக நிற்கும் டான் தெங் நியா வீடு 1900இல் ஒரு சீன வணிகர் கட்டியது, அந்த வட்டாரத்தில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை அதுதான் என்றதும் அத்தை நின்றுவிட்டார். இத்தனை வருடமும் அதை ஏதோ கடை என்றே நினைத்திருந்தாராம். என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் சரியான பயன் இதுதான். ஹோட்டல் அறையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வருவதற்கு நூறு வெள்ளியைக் கொட்டியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, பொறாமையும் இல்லை.

மீதியைச் செலவழிக்க டிசம்பர் வரை தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், யாரும் கேட்கவில்லை. கடைசி வாரங்களில் ஊரே முன்பதிவில் இறங்கியது. வார இறுதி நேரங்கள் நிரம்பிவிட்டன. அக்டோபரிலிருந்து சுற்றுலாத் தலங்களுக்குள் போகத் தடுப்பூசிச் சான்றும் வேண்டியிருந்தது. வார நாள் ஒன்றில் விடுப்பு எடுத்துக் கரையோரப் பூந்தோட்டத்தில் 'மேகக் காடு' என்ற குளிரூட்டிய கண்ணாடிக் கூடத்துக்குப் போனோம். அப்போதும் அத்தையின் கணக்கில் ஒரு பத்து வெள்ளி நின்றது. அதற்குப் பொருத்தமாக எதுவும் கிடைக்கவில்லை, ஆண்டு முடிவோடு அது காலாவதியாகிவிட்டது. அத்தை இன்னமும் அதைக் கேட்கிறார்.